ஒரு செல்லை ஒரே ஒருமுறைதான் பார்க்கிறோம்

அனைவருக்கும் வணக்கம். செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில், செல்லுக்குள் கால்சியம் ஏறுவதை எப்படிப் பார்ப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

வெள்ளையணுவுக்கு வெளியே, ரத்தத்தில், கால்சியம் அயனிகளுக்குக் குறைவில்லை. உள்ளேயோ பஞ்சம். ஓய்ந்திருக்கும் டி செல் என்ற வெள்ளையணுவின் சைட்டோபிளாசத்தில் சுமார் 100 நானோமோலார்தான். வெளியே அதைப்போலப் பத்தாயிரம் மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வைக் காக்கச் செல் ஓயாமல் ஆற்றலைச் செலவிடுகிறது. எதற்கு இந்தப் பாடு? கதவு சற்றே திறந்தாலும் போதும், நொடிகளில் உள்ளே செய்தி பரவிவிடும்.

அந்தச் செய்தியைக் கண்ணால் பார்க்க ஒரு சாயம் வேண்டும். ரோஜர் சியென் குழு 1985இல் விவரித்த இண்டோ-1 அப்படி ஒன்று. புற ஊதா லேசர் பட்டால், கால்சியத்தைப் பிடித்த சாயம் 400 நானோமீட்டர் அருகே ஊதாவாகவும், பிடிக்காதது 480 அருகே நீலமாகவும் ஒளிரும். இரண்டையும் வகுத்து விகிதம் எடுக்கிறோம். ஃப்ளூவோ-4 போல ஒரே நிறத்தில் ஒளிரும் சாயமானால், பளிச்சென்று தெரிவது தூண்டப்பட்ட செல்லா, சாயத்தை அதிகம் உள்வாங்கிய செல்லா என்று பிரிக்க முடியாது. விகிதத்தில் அந்தக் குழப்பம் பெருமளவு அடங்கிவிடுகிறது.

தூண்டும் முன் ஒரு நிமிடமாவது சும்மா ஓட விடுங்கள். தூண்டும் முன்னுள்ள அளவைக் காட்டும் அடிக்கோடு இல்லாத வரைபடத்தை வைத்துக்கொண்டு நானும் ஒருமுறை விழித்திருக்கிறேன். குழாயை 37 டிகிரியில் வையுங்கள். குளிர்ந்த செல் மந்தமாகத்தான் பதில் சொல்லும். டி செல்லைத் தூண்டும் சிடி3 எதிர்ப்பொருளைச் சேர்க்கக் குழாயைக் கழற்றும் நேரத்தில் வரைபடத்தில் ஓர் இடைவெளி விழும். கை மெதுவானால் ஏற்றத்தின் தொடக்கமே அதில் தொலைந்துபோகும். கடைசியில், கால்சியத்தைச் செல்லுக்குள் வலிந்து புகுத்தும் அயனோமைசின். அதற்கும் விகிதம் ஏறவில்லையென்றால் செல்லைக் குறை சொல்லாதீர்கள், சாயத்தைச் சந்தேகியுங்கள்.

இனி, பலரும் ஏமாறும் இடம். திரையில் ஏறி இறங்கும் கோடு எந்தச் செல்லின் கதையும் அல்ல. ஒவ்வொரு செல்லும் லேசரை ஒருமுறை, சில மைக்ரோ நொடிகளுக்குள் கடந்து போய்விடுகிறது. தெருமுனையில் நின்று போவோர் முகங்களைப் பார்ப்பது போலத்தான்; முதல் நிமிடத்தில் பார்த்தவர் ஐந்தாம் நிமிடத்தில் வருவதில்லை. பாதிச் செல்கள் முழுதாகப் பதில் தந்தாலும், எல்லாச் செல்களும் அரைகுறையாகத் தந்தாலும் சராசரிக் கோடு ஒன்றுபோலவே ஏறலாம். ஆகவே ஒவ்வொரு செல்லையும் குறிக்கும் புள்ளிகளைப் பாருங்கள். பதில் தந்த செல்கள் எத்தனை விழுக்காடு என்று எண்ணுங்கள்.

தனி டி செல்லில் கால்சியம் அலைபோல ஏறி இறங்குவதும் உண்டு. அதை இந்தக் கருவி காட்டாது. நுண்ணோக்கியிடம்தான் போக வேண்டும். அங்கே ஒரே செல்லை அரை மணி நேரம் பார்த்திருக்கலாம். ஆனால் ஒரே குழாயில் சிடி4, சிடி8 என்ற இருவகை டி செல்களைப் பிரித்து, ஆயிரக்கணக்கில் எண்ணிவருவது அங்கே எளிதல்ல.