மெனோபாஸ் சூட்டுக்கு மூலிகை கேட்குமா?

[திரை: நாட்டு மருந்துக் கடை அலமாரி. பொடி டப்பாக்கள், லேகியப் பாட்டில்கள். பக்கத்தில் வெளிநாட்டு மாத்திரைப் புட்டி ஒன்று.]

வணக்கம். "உடம்பெல்லாம் திடீர்னு சூடு கிளம்புது, குப்புனு வேர்க்குது, ராத்திரி தூக்கமே இல்ல. ஏதாவது மூலிகை இருந்தா சொல்லுங்க." நாற்பத்தைந்தைத் தாண்டிய பல பெண்கள் இப்படிக் கேட்கிறார்கள். தண்ணீர்விட்டான் கிழங்கு, வெந்தயம், ஆளி விதை, அமுக்கரா, சோயா மாத்திரை என்று ஆளுக்கொரு பதில் வருகிறது. இவற்றில் எது கேட்கும், எது கேட்காது, எதனால் ஆபத்து வரலாம் என்று இந்த வீடியோவில் பார்ப்போம்.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்தால் எந்த மருந்து எங்கே போய் வேலை செய்ய வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

[திரை: மூளையின் படம். ஹைபோதலாமஸ் மட்டும் நிறம் மாறுகிறது.]

மாதவிலக்கு தொடர்ந்து 12 மாதங்கள் வராமல் இருந்தால் அதை மெனோபாஸ் என்கிறோம். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் இது வருகிறது. அமெரிக்காவில் 51 வாக்கில். தொல்லைகள் அதற்குச் சில வருடங்கள் முன்னாலேயே ஆரம்பித்துவிடும். அப்போது மாதவிலக்கு தள்ளிப் போகும், சில மாதம் கொட்டித் தீர்க்கும், மனம் காரணமில்லாமல் கலங்கும்.

உடல் வெப்பத்தைக் கவனித்துக்கொள்ளும் இடம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ். அங்கே ஒரு வகை நரம்பணுக்கள் உள்ளன. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போதுமான அளவு இருக்கும்வரை அவை அடங்கியிருக்கும். மெனோபாஸ் சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அவை பெருத்துப்போய், நியூரோகைனின் பி என்ற வேதிப்பொருள் வழியாக வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியை ஓயாமல் தூண்டுகின்றன. சாதாரணமாக உடல் வெப்பம் 0.4 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறி இறங்கினாலும் மூளை கண்டுகொள்ளாது. சூட்டுத் தொல்லை உள்ளவர்களுக்கு அந்த இடைவெளி ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. ஒரு டம்ளர் காபி குடித்தாலோ சமையலறையில் கொஞ்சம் நேரம் நின்றாலோ போதும். உடம்பு கொதிக்கிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகம் சிவக்கிறது, வேர்வை கொட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் குளிர் எடுக்கிறது. இது மனப்பிரமை இல்லை. "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே" என்று யாராவது சொன்னால், இந்தப் படத்தை அவர்களுக்குக் காட்டுங்கள்.

எத்தனை நாள் இருக்கும்? அமெரிக்காவில் ஸ்வான் என்ற நீண்டகால ஆய்வு, அடிக்கடி இந்தத் தொல்லை வந்த பெண்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் பாதிப் பேருக்கு இது 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஏழு வருடம் இரவுத் தூக்கத்தைத் தொலைத்த ஒருவரிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்வது நியாயமே இல்லை என்பது என் கருத்து.

[திரை: ஒரே மாதிரி இரண்டு மாத்திரைகள். ஒன்றில் மருந்து, இன்னொன்றில் வெறும் மாவு.]

மூலிகைகளுக்குப் போகும் முன் ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 58 சதவீதம். ஈஸ்ட்ரோஜன் உள்ள ஹார்மோன் மாத்திரைகள் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2004இல் ஒரு தொகுப்பை வெளியிட்டது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கும் சூட்டுத் தொல்லை ஏறக்குறைய 58 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. தொல்லை உச்சத்தில் இருக்கும்போதுதான் மருந்தைத் தேடுகிறோம். அதன் பிறகு அது தானாகவே கொஞ்சம் தணிவது இயல்பு. மருந்து எடுத்திருக்கிறோம் என்ற நம்பிக்கையும் மூளையில் வேலை செய்கிறது.

அதனால்தான் "நான் மூணு மாசம் சாப்பிட்டேன், நல்லா குறைஞ்சுது" என்று ஒருவர் மனதாரச் சொன்னாலும், அதை வைத்து அந்த மூலிகைக்குச் சான்று கொடுத்துவிட முடியாது. வெற்று மாத்திரையை அது முந்தியதா என்று பார்க்க வேண்டும். இனி வரும் ஒவ்வொரு மூலிகையையும் இந்தக் கேள்வியோடுதான் பார்க்கப் போகிறோம்.

[திரை: வெள்ளைப் பூங்கொத்தோடு உயரமான காட்டுச் செடி.]

உலகத்தில் மெனோபாஸுக்கு மிகவும் பேர்போன மூலிகை நம் ஊரில் வளர்வதில்லை. அதன் பெயர் பிளாக் கோஹாஷ். வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் வளரும் செடி. அங்குள்ள பூர்வகுடி மக்கள் இதன் வேரை மருந்தாக வைத்திருந்தார்கள். 1875இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில் லிடியா பிங்க்கம் என்ற பெண்மணி இந்த வேரையும் வேறு சில மூலிகைகளையும் சேர்த்து, பெண்களின் நோய்களுக்கென்று ஒரு டானிக் விற்க ஆரம்பித்தார். நம் வெந்தயமும் அந்தக் கலவையில் இருந்தது! கூடவே கணிசமான அளவு ஆல்கஹாலும் இருந்தது. பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றி டாக்டரிடம் வாய் திறக்கத் தயங்கிய காலம் அது. அந்த டானிக் அமெரிக்கா முழுவதும் விற்றது. பிறகு 1956இல் ஜெர்மனியில் பிளாக் கோஹாஷ் வேர்ச்சாறு ரெமிஃபெமின் என்ற பெயரில் மாத்திரையாக வந்தது. இன்றும் கிடைக்கிறது.

அது வெற்று மாத்திரையை முந்தியதா? 2006இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஒரு ஆய்வின் முடிவு வெளியானது. 351 பெண்கள், ஐந்து குழுக்கள், ஒரு வருடம். ஒரு குழுவுக்கு பிளாக் கோஹாஷ் மட்டும், இன்னொரு குழுவுக்குப் பல மூலிகைகள் கலந்த மாத்திரை, மூன்றாவது குழுவுக்கு அந்தக் கலவையோடு சோயா உணவும். மற்ற இரண்டு குழுக்களில் ஒன்றுக்கு ஹார்மோன், ஒன்றுக்கு வெற்று மாத்திரை. ஹார்மோன் எடுத்தவர்களுக்குச் சூடு தெளிவாகக் குறைந்தது. மூலிகை எடுத்த மூன்று குழுக்களுக்கும் வெற்று மாத்திரையை விடக் குறிப்பிடும்படியான பலன் எதுவும் கிடைக்கவில்லை. 2012இல் கொக்ரேன் அமைப்பு 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், பலன் உண்டு என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை.

இதோடு கல்லீரல் விஷயமும் இருக்கிறது. இதைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாகப் பல நாடுகளிலிருந்து தகவல் வந்தது. இந்த மாத்திரை கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்று புட்டியின் மேலேயே அச்சிட வேண்டும் என ஆஸ்திரேலிய அரசு 2006இல் உத்தரவிட்டது. பிளாக் கோஹாஷ் என்று எழுதி விற்ற சில புட்டிகளைச் சோதித்தபோது, உள்ளே இருந்தது வேறு இனத்தைச் சேர்ந்த ஆசியச் செடி. ஆன்லைனில் வாங்கும்போது இதையும் யோசியுங்கள்.

[திரை: சோயா பீன்ஸ், டோஃபு.]

அடுத்து சோயா. இதில் இருக்கும் ஐசோஃபிளேவோன்களின் அமைப்பு ஈஸ்ட்ரோஜனைக் கொஞ்சம் ஒத்திருக்கும். அதனால் ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய ஏற்பிகளில் இவையும் போய் ஒட்டிக்கொள்ளும், ஆனால் பிடி பலவீனமானது. 2016இல் 62 ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. இப்படிப்பட்ட தாவர ஈஸ்ட்ரோஜன்கள் பகல் நேரச் சூட்டின் எண்ணிக்கையையும் பிறப்புறுப்பு வறட்சியையும் ஓரளவு குறைப்பதாக அதில் தெரிந்தது. இரவு வேர்வை மட்டும் குறையவில்லை.

ஒருவருக்குக் கேட்பது இன்னொருவருக்கு ஏன் கேட்பதில்லை? குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் சோயாவில் உள்ள டெய்ட்சீன் என்ற பொருளை ஈக்வால் என்ற வீரியம் கூடிய பொருளாக மாற்றுகின்றன. ஜப்பானியர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தத் திறன் உண்டு. மேற்கத்தியர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் ஈக்வால் தயாரிக்கிறார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் சுவாரஸ்யமாகப் படுவது இதுதான்: ஒரே சோயா, உள்ளே இருக்கும் நுண்ணுயிரைப் பொறுத்து வேறு வேறு மருந்தாகிவிடுகிறது. சோயாவைச் சாப்பாடாகச் சாப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும், செறிவூட்டிய ஐசோஃபிளேவோன் மாத்திரைகளைத் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

ரெட் க்ளோவர் என்ற செடியின் மாத்திரையும் இதே வகை. 2003இல் 252 பெண்களிடம் 12 வாரம் சோதித்தார்கள். வெற்று மாத்திரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நம் மருந்துக்கடைகளிலும் கிடைக்கும் ஈவினிங் ப்ரிம்ரோஸ் எண்ணெய், சீனத்து மூலிகையான டாங் குவாய், இரண்டின் கதையும் ஏறக்குறைய இதேதான்.

[திரை: அஞ்சறைப் பெட்டி. வெந்தயம் பெரிதாகத் தெரிகிறது.]

சரி, நம் வீட்டுச் சாமான்களுக்கு வருவோம்.

ஆளி விதையில் லிக்னான் என்ற தாவர ஈஸ்ட்ரோஜன் நிறைய உண்டு. 2011இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 188 பெண்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆறு வாரம் ஆளி விதை சேர்த்த சிற்றுண்டிக் கட்டி ஒன்றை தினமும் கொடுத்தார்கள். ஆளி விதை இல்லாத கட்டியைச் சாப்பிட்டவர்களுக்கும் சூடு ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. மலச்சிக்கலுக்கு ஆளி விதை நல்லதுதான், சாப்பிடுங்கள். சூட்டுக்கு அதை நம்பி இருக்க வேண்டாம்.

வெந்தயத்துக்குச் சிறிய ஆய்வுகள் உண்டு, பெரிய ஆதாரம் இல்லை. உணவில் போடும் அளவால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் தினம் கைப்பிடி வெந்தயமோ வெந்தய மாத்திரையோ எடுக்கும்போது சர்க்கரை இறங்கும். ஏற்கெனவே சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் சர்க்கரை அளவைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தண்ணீர்விட்டான் கிழங்கு, அதாவது சதாவரி. சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் பெண்களுக்கென்றே பேர் வாங்கிய கிழங்கு. தாய்ப்பால் சுரக்க நம் வீடுகளில் கொடுத்து வந்திருக்கிறார்கள். மெனோபாஸுக்கு இதை நூற்றுக்கணக்கான பெண்களிடம் ஒரு வருடம் சோதித்துப் பார்த்த ஆய்வு இல்லை. லேகியமாக எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: லேகியத்தில் வெல்லமோ சர்க்கரையோ தாராளமாக இருக்கும்.

அமுக்கராக் கிழங்குக்கு, அதாவது அஸ்வகந்தாவுக்கு, கொஞ்சம் நம்பிக்கையான தகவல் இருக்கிறது. ஹைதராபாத்தில் மெனோபாஸை நெருங்கிய 100 பெண்களிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. வெற்று மாத்திரையை விட அமுக்கரா எடுத்தவர்களுக்குத் தொல்லைகள் கூடுதலாகக் குறைந்தன. ஒரே ஒரு சிறிய, குறுகிய கால ஆய்வு என்பதால் இதை வைத்து முடிவுக்கு வந்துவிட முடியாது. அமுக்கரா தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடும். கல்லீரல் பாதிப்பும் சிலருக்கு வந்திருக்கிறது. டென்மார்க் 2023இல் இதைத் தடையே செய்துவிட்டது. தைராய்டு மாத்திரை எடுக்கும் பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். அவர்கள் கேட்காமல் எடுக்கவே கூடாது.

அதிமதுரம் பற்றி நான் அழுத்திச் சொல்ல வேண்டும். தொண்டைக்கு ஒரு துண்டு மெல்வது வேறு. மெனோபாஸுக்கென்று வாரக்கணக்கில் கஷாயம் வைத்துக் குடிப்பது வேறு. அதில் உள்ள கிளிசிரைசின் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றும். பி.பி. உள்ளவர்களுக்கு இது நேரடி ஆபத்து.

[திரை: மாத்திரை டப்பாவும் சூரணப் பொட்டலமும் அருகருகே.]

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று நினைத்து டாக்டரிடம் சொல்லாமல் விடுவதுதான் எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது. மன அழுத்தத்துக்கு விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, கருத்தடை மாத்திரை உட்படப் பல மருந்துகளின் வேலையைக் கெடுக்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு டாங் குவாய் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். 2008இல் இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது, ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. பெயரில்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் படித்த சித்த மருத்துவரிடம் போங்கள். தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது.

[திரை: டாக்டர் எதிரில் ஒரு பெண். மேசையில் அவர் கொண்டுவந்த எல்லாப் புட்டிகளும்.]

அப்போ எதுதான் கேட்கும்? சூட்டுக்கு இன்றைக்கும் மிக நன்றாகக் கேட்பது ஹார்மோன் சிகிச்சை. முன்பு சொன்ன அதே 2004 தொகுப்பில், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டாலும் அது சூட்டின் எண்ணிக்கையை 75 சதவீதம் குறைத்தது. பெண்கள் இதைப் பார்த்துப் பயப்படுவதற்குக் காரணம் 2002இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களில் வருடத்துக்கு 10,000 பேருக்கு 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார்கள். உலகமே பதறியது, பலர் மூலிகைப் பக்கம் திரும்பியதும் அப்போதுதான். அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. மெனோபாஸ் வந்து 10 வருடத்துக்குள் இருக்கும், 60 வயதுக்கு உட்பட்ட ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்பது பின்னால் வந்த ஆய்வுகளின் முடிவு. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, ரத்தக்கட்டி, கல்லீரல் நோய் இருந்தவர்களுக்கு இது ஒத்துவராது.

அவர்களுக்கும் வழி இருக்கிறது. 2023இல் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் ஹார்மோன் இல்லாத சிகிச்சைகளைப் பட்டியலிட்டது. வென்லாஃபாக்சின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் குறைந்த அளவில், இரவுத் தொல்லைக்கு கேபாபென்டின் என்ற மருந்து, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுவழிச் சிகிச்சை, உடல் எடைக் குறைப்பு ஆகியவை அதில் உண்டு. நியூரோகைனின் பி வேலையைத் தடுக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற மாத்திரையும் அதே வருடம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை எடுப்பவர்கள் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மூலிகை மாத்திரைகளைப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்று அதே சங்கம் சொல்லிவிட்டது. பிறப்புறுப்பு வறட்சி மட்டும்தான் தொல்லை என்றால் அந்த இடத்தில் மட்டும் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கிறது. இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், பெண் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது நீங்கள் எடுக்கும் சூரணம், லேகியம், மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ரத்தசோகையும் தைராய்டும் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். படபடப்பு, சோர்வு, வேர்வை எல்லாம் அவற்றாலும் வரும்.

இன்னொன்று. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு திரும்ப ரத்தம் பட்டால், அது ஒரு சொட்டாக இருந்தாலும் எந்த மூலிகையும் எடுத்துக் காத்திருக்காதீர்கள். அந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஸ்கேனில் கருப்பையின் உள்படலத்தின் தடிமனை அளப்பார்கள். 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் அங்கிருந்து சிறிது திசு எடுத்துப் புற்றுநோய் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். பெரும்பாலோருக்குப் பயப்படும்படி எதுவும் இருக்காது. அப்படியே புற்றுநோய் இருந்தாலும், ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் நன்றாகவே குணப்படுத்தலாம்.