மகன் இல்லாதபோது தாத்தா பாட்டி தரும் மரபணுச் சாட்சி

நேயர்களுக்கு வணக்கம்.

டிஎன்ஏ பற்றிப் பேச அழைத்தார்கள். இருக்கும் நேரத்தில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கோலாலம்பூரில் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் செந்தூல், கிள்ளான், ரவாங் என்று பல இடங்களிலிருந்து வந்த தாத்தா பாட்டிகள் கேட்ட கேள்வி அது. "இந்தப் பிள்ளை என் மகனுடைய பிள்ளை. மகன் போய்விட்டான். என்னிடம் மாதிரி எடுத்து அதை நிரூபிக்க முடியுமா?"

முடியும். ஆனால் பாட்டி மட்டும் தனியாக வந்தால் பல நேரம் உறுதியான பதில் கிடைக்காது. கூட யார் யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் விடை அமைகிறது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இரத்த உறவு உறுதியானால் சூராட் பெரானாக் என்ற பிறப்புப் பத்திரமும், குடிமக்களுக்கான நீல நிற ஐசி என்ற அடையாள அட்டையும் தானாக வந்துவிடும் என்று நம்பி, சேர்த்து வைத்த பணத்தைச் சோதனைக்குக் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது நடக்காதபோது அவர்கள் முகத்தைப் பார்ப்பது கஷ்டம். அதனால்தான் இதைப் பேசுகிறேன்.

முதலில் சோதனையைப் பார்ப்போம். ஒரு குழந்தையின் டிஎன்ஏயில் பாதி அப்பாவிடமிருந்து வருகிறது, பாதி அம்மாவிடமிருந்து. தாத்தா பாட்டி என்று போனால் ஒவ்வொருவரிடமிருந்தும் சராசரியாக 25 விழுக்காடு. சராசரி என்பதைக் கவனியுங்கள். அப்பா தன் பிள்ளைக்குப் பாதியைக் கொடுக்கும்போது, தன் அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் வந்ததைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துத்தான் கொடுக்கிறார். ஒரு பேரனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவிடமிருந்து 29 விழுக்காடு வந்திருந்தால், அந்தப் பாட்டியிடமிருந்து 21தான் வந்திருக்கும். அவன் தங்கைக்கு அது தலைகீழாக இருக்கலாம்.

பரிசோதனைக் கூடம் டிஎன்ஏ முழுவதையும் படிப்பதில்லை. ஆளுக்கு ஆள் வேறுபடும் இருபது சொச்சம் இடங்களை எடுத்துக்கொள்ளும். ஒவ்வோர் இடத்திலும் ஒருவருக்கு இரண்டு எண்கள் இருக்கும், ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. ஒரு சிறு டிஎன்ஏ துண்டு அங்கே எத்தனை முறை அடுத்தடுத்து வருகிறது என்பதே அந்த எண். ஓர் இடத்தில் பேத்திக்கு 14, 17 என்று வைத்துக்கொள்வோம். அவள் அம்மாவுக்கு 17, 19. அப்படியானால் 17 அம்மா கொடுத்தது, 14 அப்பா கொடுத்தது. இப்போது பாட்டியைப் பார்க்கிறோம். பாட்டிக்கு 12, 14 இருந்தால் நல்லது, அந்த 14 அவரிடமிருந்து வந்திருக்கலாம். பாட்டிக்கு 12, 15 இருந்தால்? உறவு இல்லை என்று சொல்ல முடியாது. அந்த 14 தாத்தா வழியாக மகனுக்கு வந்து, பேத்திக்குப் போயிருக்கலாம். பாட்டியை மட்டும் வைத்துச் செய்யும் சோதனையின் பலவீனம் இதுதான். எந்த ஓர் இடத்திலும் 'இல்லை' என்று அடித்துச் சொல்ல வழியில்லை.

இதையெல்லாம் கணக்காக்கும் விதம் இப்படி. 14 என்ற அந்த எண் நம் மக்களிடையே நூற்றுக்குப் பத்து என்ற அளவில் காணப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், பாட்டியிடம் அது ஒன்று இருக்கும்போது உறவுக்கான மதிப்பு 3 மடங்காகும். இல்லாவிட்டால் பாதியாகக் குறையும். இருபது இடங்களின் மதிப்பையும் பெருக்கி வருவதுதான் அறிக்கையில் இருக்கும் குறியீட்டு எண். ஏறுவதும் இறங்குவதுமாகப் போய், உண்மையான பாட்டிக்கே கடைசியில் 4 என்று வந்து நிற்கலாம். 4 என்றால் ஐந்தில் நான்கு, அதாவது 80 விழுக்காடு. நம்மில் பலர் 80 என்றதும் நல்ல மார்க் என்று சந்தோஷப்படுவோம். இந்தக் கணக்கில் அது மிகவும் பலவீனமான சாட்சி. சோதனைக்கு முன்பே பாதிக்குப் பாதி வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொண்டுதான் கணக்கைத் தொடங்குகிறார்கள். 50 என்றால் ஒன்றும் தெரியவில்லை என்று பொருள். 99 வர வேண்டுமானால் குறியீட்டு எண் 100ஐத் தொட வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? தாத்தா இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள். இருவரும் இருந்தால் மகனிடம் இருந்திருக்கக்கூடிய எண்கள் எல்லாமே கையில் கிடைத்துவிடும். குழந்தைக்கு அப்பா கொடுத்த எண் அந்த நான்கில் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். ஓரிரு இடத்தில் பிசகினால் அது இயற்கையான மரபணு மாற்றமாக இருக்கலாம். பல இடங்களில் பிசகினால் உறவு இல்லை. குழந்தையின் அம்மாவும் வந்தால் இன்னும் பலம், ஏனென்றால் எந்த எண் அப்பா கொடுத்தது என்பது அவரை வைத்துத்தான் தெளிவாகிறது. தாத்தா இல்லையா? மகனின் கூடப்பிறந்தவர்களைக் கூட்டி வாருங்கள். அத்தை, சித்தப்பா, பெரியப்பா யாராக இருந்தாலும் உதவும். ஒருவருக்கு இருவர் நல்லது.

ஆண், பெண் என்பதும் இதில் பேசும். அப்பா தன்னிடம் இருக்கும் ஒரே எக்ஸ் குரோமோசோமை மகளுக்குக் கொடுக்கிறார். அந்த எக்ஸ் அவருக்கு அவர் அம்மாவிடமிருந்து வந்தது. ஆக, பேத்தியும் அப்பாவைப் பெற்ற பாட்டியும் வந்தால் எக்ஸ் குரோமோசோம் சோதனையைக் கேளுங்கள். பாட்டி தனியாக வந்தாலும் நல்ல பதில் தரக்கூடிய சோதனை அது. பேரனும் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் என்றால் ஒய் குரோமோசோம். அது ஆண் வழியில் அப்படியே இறங்கி வரும். ஆனால் சித்தப்பா, பெரியப்பா, அவர்கள் மகன்கள் எல்லோருக்கும் அதே ஒய்தான். அம்மாவைப் பெற்ற பாட்டி என்றால் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, அதாவது உயிரணுவுக்குள் தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ, இருக்கிறது. அது தாய் வழியில் பேரனுக்கும் வரும், பேத்திக்கும் வரும்.

ஒன்றை நீதிமன்றம் வரைக்கும் போகிறவர்கள் மறக்கக் கூடாது. தாத்தா பாட்டியை மட்டும் வைத்துச் செய்யும் சோதனை, 'இந்தக் குழந்தை இவர்களுடைய ஏதோ ஒரு மகனின் பிள்ளை' என்று சொல்லும். எந்த மகன் என்று சொல்லாது.

பேரப்பிள்ளைகளுக்காக இந்த அறிவியலை உலகத்துக்குக் கொண்டுவந்தவர்களே பாட்டிமார்கள்தான். அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சி நடந்தது. இளம் தம்பதிகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள், பலரைக் கொன்றார்கள். சிறையில் பிறந்த குழந்தைகளையும் கூடவே பிடிபட்ட குழந்தைகளையும் வேறு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். 1977இல் பாட்டிமார்கள் சேர்ந்து பிளாசா தெ மாயோ பாட்டிகள் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெற்றோர் இல்லாமல் பேரக்குழந்தையை அடையாளம் காண முடியுமா என்று நாடு நாடாகப் போய் விஞ்ஞானிகளைக் கேட்டார்கள். அதற்கான கணக்குமுறை உருவானது, அதற்குப் பாட்டி உறவுக் குறியீடு என்றே பெயர் வைத்தார்கள். அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் 1984இல் அங்கே போய் அவர்களோடு வேலை செய்தார். முதலில் இரத்த வகைக் கூறுகளை வைத்தும், பிறகு மைட்டோகாண்ட்ரியாவை வைத்தும் தேடினார்கள். 1987இல் தேசிய மரபணுத் தரவு வங்கி சட்டப்படி அமைந்தது. பாட்டிகள் தங்கள் இரத்தத்தை அங்கே கொடுத்து வைத்தார்கள், தாங்கள் இறந்த பிறகும் பேரப்பிள்ளை தேடி வந்தால் பதில் இருக்க வேண்டும் என்பதற்காக. இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் யார் என்று தெரிந்திருக்கிறது. அந்தப் பெண்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை கூப்பத் தோன்றுகிறது.

நம் வீடுகளுக்கு வருவோம். இறந்துபோன மகனுடைய மாதிரியே கிடைத்தால் தாத்தா பாட்டியைச் சுற்றி வளைக்க வேண்டியதில்லை. ஆனால் நம்மவர்களில் பெரும்பாலோர் தகனம் செய்கிறோம். எரிந்த சாம்பலை வைத்து இந்தச் சோதனையைச் செய்யலாம் என்று நம்பி இருக்க முடியாது. மருத்துவமனையில் அவருக்கு அறுவைச் சிகிச்சையோ திசுச் சோதனையோ நடந்திருந்தால், மெழுகில் பதித்த திசுத் துண்டு நோயியல் பிரிவில் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். அப்புறம், தாயத்து. பிள்ளையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதை வெள்ளித் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தத் தாயத்தை மகன் வளர்ந்த பிறகும் அலமாரியில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கும் அம்மாக்கள் உண்டு. அந்தக் கொடி மகனுடைய உடலைச் சேர்ந்தது. காய்ந்த கொடியிலிருந்து டிஎன்ஏ எடுக்க முடிந்திருக்கிறது. எப்போதும் முடியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்களாகத் தாயத்தை உடைத்துத் திறக்காதீர்கள், கழுவாதீர்கள். ஒரு காகித உறையில் போட்டு அப்படியே கொண்டு வாருங்கள்.

நம் குடும்பங்களுக்கே உரிய இன்னொரு விஷயம் சொந்தத்துக்குள் கல்யாணம். அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகளைக் கட்டிய தாய்மாமன் என்று நம்மிடம் நிறைய உண்டு. குழந்தையின் அம்மாவும் பாட்டிக்குச் சொந்தம் என்றால், பாட்டியின் எண்கள் அம்மா வழியாகவும் குழந்தைக்கு வந்திருக்கலாம். வழக்கமான கணக்கைப் போட்டால் விடை தப்பாகும். இதை வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதேபோல், கணக்குக்கு எந்த மக்களின் புள்ளிவிவரத்தை எடுக்கிறீர்கள் என்று பரிசோதனைக் கூடத்தைக் கேளுங்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகியோரிடையே இந்த எண்களின் பரவல் ஒன்றாக இருப்பதில்லை.

மாதிரி எடுப்பது எளிது, ஊசி வேண்டாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பார்கள். வெற்றிலை போடும் பாட்டிமார் அன்று காலை அதைத் தள்ளி வைத்துவிட்டு, வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வர வேண்டும். அதிகாரபூர்வ காரியத்துக்கு என்றால் வீட்டிலேயே எடுத்துத் தபாலில் அனுப்பும் பெட்டி உதவாது. ஐசியைச் சரிபார்த்து, படம் எடுத்து, கையெழுத்து வாங்கி, சாட்சி முன்னிலையில் முத்திரை வைத்த மாதிரிதான் செல்லும். தேசியப் பதிவுத் துறையோ நீதிமன்றமோ கேட்கும் சோதனை என்றால், எந்தப் பரிசோதனைக் கூடத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் மலேசிய இரசாயனத் துறையிலும் டிஎன்ஏ சோதனை செய்கிறார்கள்.

இப்போது சட்டம். ஒரு பாட்டியும் தாத்தாவும் பேரனோடு வந்தார்கள். மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துவிட்டான். மருமகள் அண்டை நாட்டுப் பெண், ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. கோவிலில் தாலி கட்டியிருந்தார்கள், பதிவு செய்யவில்லை. பையனுக்கு 12 வயது. கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லாம் ஐசி எடுக்கிறார்கள். "மூக்கைப் பாருங்கம்மா, அப்படியே அவன் மூக்கு. இதுக்கு ஒரு சோதனையா?" என்று பாட்டி கேட்டார். சோதனையில் ஒய் குரோமோசோம் தாத்தாவோடு எல்லா இடத்திலும் பொருந்தியது, மற்ற எண்களும் உறுதியாகவே வந்தன. ஆனால் பையனின் சிக்கல் அதனால் தீரவில்லை.

காரணம் இதுதான். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடப்புக்கு வந்தது. அதிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவாக வேண்டும். பதிவில்லாத கோவில் தாலியைப் பதிவுத் துறை முகப்பில் திருமணமாக எடுத்துக்கொள்வதில்லை. பெற்றோருக்குச் சட்டப்படி மணமாகவில்லை என்றால், குடியுரிமை விஷயத்தில் அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, 17ஆவது பிரிவு, அப்பாவின் இடத்தில் அம்மாவைத்தான் பார்க்கச் சொல்கிறது. 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில் தந்தை மலேசியர், தாய் பிலிப்பீன்ஸ் நாட்டவர். குழந்தை பிறந்து சில மாதம் கழித்துத்தான் பெற்றோர் திருமணத்தைப் பதிந்தார்கள். 4க்கு 3 என்ற பெரும்பான்மையில் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்று தீர்ப்பானது. மூன்று நீதிபதிகள் மாறுபட்டார்கள் என்பது எனக்கு ஆறுதல். மரபணு தெளிவாகச் சொல்வதைச் சட்டம் கேட்காமல் போவது ஒரு குழந்தைக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இன்றைய நிலை அதுதான். அந்தப் பையனுக்காக, அரசாங்கம் தன் சிறப்பு அதிகாரத்தில் குடியுரிமை தர இடம் கொடுக்கும் அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் விண்ணப்பித்தார்கள். டிஎன்ஏ அறிக்கை அந்தக் கோப்பில் ஒரு துணை ஆவணமாகப் போனது.

சொத்திலும் இதே கதை. உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், 1958ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டம் பிள்ளை என்று கணக்கெடுப்பது சட்டப்படியான பிள்ளையையும், சட்டப்படி தத்தெடுத்த பிள்ளையையும்தான். பேரப்பிள்ளைக்கு வீட்டில் ஒரு பங்கு போக வேண்டும் என்று நினைக்கும் தாத்தா பாட்டிக்கு டிஎன்ஏ சோதனையே வேண்டாம். பேர் குறிப்பிட்டு உயில் எழுதுங்கள். ஊழியர் சேமநிதியிலும் அந்தப் பிள்ளையை நியமிக்கலாம்.

சோதனைக்கு முன் வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை பேசிவிடுங்கள். 'இல்லை' என்று வந்தால் என்ன செய்வோம்? பத்து வருடம் தூக்கி வளர்த்த பிள்ளையை அனுப்பிவிடுவோமா? சில நேரம் பேரனைச் சோதிக்கப் போய், மகனே தாத்தாவுக்குப் பிறந்தவரில்லை என்பது தெரிய வரும். அதைத் தாங்க முடியுமா? பிள்ளைக்குத் தெரியாமல் முடியை வெட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. வேரில்லாத முடி இந்தச் சோதனைக்கு உதவாது, ஒருவருக்குத் தெரியாமல் எடுத்த மாதிரியை நான் தொடவும் மாட்டேன். விவரம் புரியும் வயதுப் பிள்ளை என்றால் எதற்காகச் செய்கிறோம் என்பதை அவனிடமே சொல்லுங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வசதி இல்லாதவர்களுக்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் கோலாலம்பூரிலேயே இருக்கிறது. குழந்தையின் பிறப்புக்கு மருத்துவமனை கொடுத்த தாள், மகனின் இறப்புப் பத்திரம், கோவில் திருமண ரசீது, கல்யாணப் படம், பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். டிஎன்ஏ வேண்டுமா, யார் யாரிடம் எடுக்க வேண்டும் என்பதை அவர் பார்த்துச் சொல்லட்டும். கோவிலில் தாலி கட்டிவிட்டு 'அப்புறம் பதியலாம்' என்று இருக்கும் தம்பதிகள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இந்த வாரமே பதிவுத் துறைக்குப் போய் என்ன தாள் வேண்டும் என்று கேட்டு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.