அகத்தி இலைக்குள் ஓர் உறை

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு அந்த நிழலும் ஈர மண்ணின் வாடையும் நினைவில் இருக்கும். வரிசை வரிசையாக அகத்தி நிற்கும். அதன் தண்டைப் பற்றிக்கொண்டு வெற்றிலைக் கொடி ஏறும். வாழைநாரால் கொடியை அகத்தியோடு கட்டுகிறவர் முடிச்சை இறுக்கிப் போடுவதில்லை. காற்றுக்குக் கொடி சரியாதபடி நார் பிடித்திருக்க வேண்டும். கொடியை இறக்கிக் கட்டும் காலம் வந்தால் கணு நசுங்காமல் அவிழ்ந்தும் வர வேண்டும். நச்சுயிரி, அதாவது வைரஸ், துகளின் கட்டமைப்பைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டபோது எனக்கு முதலில் தோன்றியது இந்த முடிச்சுதான். வழியில் சிதையாமல் இருக்க வேண்டும், போய்ச் சேர்ந்த இடத்தில் திறந்துகொள்ளவும் வேண்டும் என்கிற இரண்டு தேவைகளுக்கு நடுவில்தான் அந்தத் துகளின் வடிவம் முழுவதும் அமைந்திருக்கிறது என்பது என் கருத்து.

எடுத்துக்காட்டுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. அந்த அகத்தியே போதும். ஆந்திரத்தில் திருப்பதிப் பகுதி அகத்திச் செடிகளில், இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக மாறும் நோய் ஒன்று கண்டறியப்பட்டது. அதற்குக் காரணமான அகத்தித் தேமல் நச்சுயிரியைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அதன் உறையில் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை 1990-களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம்.ஆர்.என். மூர்த்தி, எச்.எஸ். சாவித்திரி ஆகியோரின் குழுவினர் கண்டறிந்தனர். துகளின் விட்டம் சுமார் 30 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் இத்தகைய துகள்களை ஏறத்தாழ 33,000 வரை வரிசையாக வைக்கலாம்.

உள்ளே இருப்பது, புரதங்களைச் செய்வதற்கான குறிப்பைத் தாங்கிய ஆர்.என்.ஏ. என்னும் ஒரே ஓர் இழை; எழுத்துகளைப் போல அதில் வரிசையாக நிற்கும் வேதி அலகுகள் சுமார் 4,100. அந்த இழையைப் பொதிந்திருக்கும் உறையோ 180 புரதங்களால் ஆனது. ஒரு புரதத்தை எழுதச் சுமார் 800 எழுத்துகள் தேவைப்படுகின்றன. 180 புரதங்களும் வெவ்வேறாக இருந்தால் 1,44,000 எழுத்துகள் வேண்டும். அவ்வளவு நீண்ட இழை இந்தச் சிறிய உறைக்குள் அடங்கவே அடங்காது. ஆகவே ஒரே புரதம் 180 முறை செய்யப்படுகிறது. ஒரே அச்சில் வார்த்த செங்கலை வைத்தே வீடு முழுவதையும் எழுப்புவது போன்றது இது.

ஆனால் ஒரே அச்சுச் செங்கலால் உருண்டையான கூட்டை எப்படி மூடுவது? இதை மாணவர்களுக்கு நான் அட்டையில் வெட்டிக் காட்டுவதுண்டு. அறுகோணங்களை மட்டும் ஒட்டிக்கொண்டே போனால் தரையில் பதித்த ஓடுகளைப் போல அவை தட்டையாகவே பரவும். ஓர் அறுகோணத்தின் இடத்தில் ஐங்கோணத்தை வைத்த உடனே அந்த இடம் கிண்ணம்போல் வளைந்து எழும். சரியாக 12 ஐங்கோணங்கள் சேரும்போது கூடு மூடிக்கொள்ளும். தெருவில் பிள்ளைகள் உதைக்கும் பழைய மாதிரிக் கால்பந்தைக் கையில் எடுத்து எண்ணிப் பாருங்கள்: 12 ஐங்கோணங்கள், 20 அறுகோணங்கள். ஐங்கோணத்துக்கு 5, அறுகோணத்துக்கு 6 எனப் புரதங்களை வைத்தால் 60-உம் 120-உம் சேர்ந்து 180 வருகிறது. ஐவர் கூட்டத்திலும் அறுவர் கூட்டத்திலும் நிற்பது அதே புரதம்தான். நிற்கும் இடத்துக்கேற்பச் சற்றே வளைந்துகொடுக்கிறது. இந்த விதியை அறிவியலாளர்கள் டொனால்ட் காஸ்பரும் ஆரோன் குளுக்கும் 1962-இல் வகுத்துத் தந்தனர்.

இதைக் கட்டுவதற்குக் கொத்தனார் எவரும் இல்லை. புகையிலைத் தேமல் நச்சுயிரியின் புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியே பிரித்துவிட்டு மறுபடியும் ஒன்றாகக் கலந்தபோது, நோய் உண்டாக்கும் துகள்கள் தாமாகவே உருவாவதை ஃப்ரெங்கல்-கொன்ராட்டும் ராப்ளி வில்லியம்ஸும் 1955-இலேயே காட்டினர். அகத்தி நச்சுயிரியின் உறைப் புரதத்தைப் பாக்டீரியாவுக்குள் உற்பத்தி செய்தபோது, அங்கே கிடைத்த ஆர்.என்.ஏ.வைப் பொதிந்துகொண்டு அதுவும் உறையாகக் கூடியது. அந்தப் புரதத்தின் ஒரு முனையில், மின்னேற்றம் கொண்ட கை ஒன்று உள்நோக்கி நீண்டிருக்கிறது; ஆர்.என்.ஏ.வைப் பிடிப்பது அதுதான். அந்த முனையில், புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் 65-ஐ நீக்கிவிட்டால் 180-க்குப் பதிலாக 60 புரதங்களே சேர்ந்து, 12 ஐங்கோணங்கள் மட்டும் உள்ள சிறிய கூடு உருவாகிறது.

நான் மிகவும் வியப்பது இந்தப் பிணைப்புகளின் வலிமையை அல்ல, அவற்றின் மென்மையை. இரண்டு புரதங்களுக்கு இடையிலான பிடிப்பு மிக வலுவாக இருந்தால், தவறான கோணத்தில் ஒட்டிய புரதம் அப்படியே நின்றுபோய், கூடு கோணலாகிப் பாதியில் நின்றுவிடும். பிடிப்பு மெலிதாக இருப்பதால்தான் தவறாகச் சேர்ந்தது கழன்று, மறுபடி சரியாகச் சேர வாய்ப்புக் கிடைக்கிறது. தனித்தனியே மெலிதான நூற்றுக்கணக்கான பிடிப்புகள் சேர்ந்து முழு உறைக்கு உறுதியைத் தருகின்றன.

கோழி வளர்ப்பவர்கள் அஞ்சும் வெள்ளைக்கழிச்சல் நோயின் நச்சுயிரிக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். அகத்தி நச்சுயிரிக்கு அது இல்லை. புரதங்களுக்கு இடையில் ஆணிபோல் அமர்ந்திருக்கும் கால்சியம் அயனிகள்தாம் அதற்குக் கூடுதல் காப்பு.

அந்த ஆணி கழல்வதும் நச்சுயிரியின் முயற்சியால் அன்று. துகளுக்குத் தானாக நகரும் ஆற்றல் கிடையாது. செடியின் செல்சுவரைத் துளைக்கவும் அதனால் இயலாது. இலையிலோ தண்டிலோ உண்டாகும் காயத்தின் வழியாகத்தான் அது உள்ளே சேர்கிறது. செல்லுக்கு வெளியே இருப்பதைவிட உள்ளே கால்சியம் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. ஆகவே உறையில் இருந்த கால்சியம் விலகுகிறது, எதிர்மின்னேற்றம் கொண்ட பகுதிகள் ஒன்றையொன்று தள்ள, உறை உப்புகிறது, ஆர்.என்.ஏ.வின் முனை வெளியே தெரிகிறது. இழை முழுவதும் உருவப்படும் முன்பே புரதங்களைச் செய்யும் செல்லின் ரைபோசோம் அந்த முனையைப் பற்றிப் படிக்கத் தொடங்கிவிடும் என்றே கருதப்படுகிறது. அடுத்த உறைகளுக்கான புரதங்களும், பழைய உறைப் புரதங்களைப் போலவே, அந்த இழையில் எழுதப்பட்டிருப்பவைதாம்.

வணக்கம்.