காய்ச்சல் என்று சொன்னால் என்ன ஆகும்?

(ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர், நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, வாசகர் வட்ட நண்பர்களே, வணக்கம்.

"நம் ஜனங்களுக்கு எத்தனை சொன்னாலும் ஏறாது." கொரோனா காலத்தில் இதைச் சொல்லாத அதிகாரி இல்லை. நானும் சொன்னவன்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஜனங்களுக்கு எல்லாம் ஏறியிருந்தது. காய்ச்சல் என்று வாயைத் திறந்தால் வாசலுக்கு என்ன வரும் என்பது உட்பட.

2020 கோடையில் தொற்று உறுதியான வீடுகளின் வாசலில் தகரம் அடித்தோம். அப்படி நான் நின்று அடிக்க வைத்த வீடுகளில் ஒன்று, பூக்கட்டி விற்கும் அம்மா ஒருவருடையது. ஒற்றை அறை. கழிப்பறை வெளியே, நான்கு குடித்தனத்துக்கும் பொது. வாசலை அடைத்துவிட்டால் அவர் எப்படிப் போவார்? உத்தரவு எழுதியவருக்கு அது தோன்றவில்லை; சுத்தியலோடு ஆள் அழைத்துப் போன எனக்கும் தோன்றவில்லை. கடைசியில் தகரத்தின் ஒரு மூலையை மடக்கிவிட்டு வந்தோம். பதினான்கு நாளும் அந்தச் சந்தில் அவர் குனிந்து நுழைவதைத் தெருவே பார்த்தது.

அடுத்த வாரம் அந்தத் தெருவில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. பதிவேட்டில் அப்படித்தான் எழுதினேன். மூன்று தெரு தள்ளியிருந்த மருந்துக்கடையில் மட்டும் அந்தத் தெருப் பிள்ளைகள் பாராசிட்டமால் வாங்க வரிசையில் நின்றார்கள்.

இது நாங்கள் புதிதாகச் செய்த தவறும் அல்ல. 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் வெள்ளைக்கார அரசு கொள்ளைநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. நான்கே பிரிவுகள், அதிகாரமோ ஏராளம். 2020இல் நாங்கள் கையில் எடுத்ததும் அதே சட்டம்தான். புனேயில் ராண்ட் என்ற அதிகாரியின் தலைமையில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்கும், உடனிருந்தவர்களை முகாமுக்கும் கொண்டுபோனார்கள், துணிமணிகளைக் கொளுத்தினார்கள். ஜனங்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள், சாவையும் மறைத்தார்கள். 1897 ஜூன் 22 இரவு, விக்டோரியா ராணியின் வைரவிழாவுக்குப் போய்த் திரும்பிய ராண்டைச் சாப்பேகர் சகோதரர்கள் சுட்டார்கள். இத்தனைக்கும், பிளேக்கைப் பரப்புவது எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி என்று சீமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் கண்டு சொன்னதே 1898இல்தான். எதிரி யாரென்று தெரியாமலே வீட்டுக்குள் புகுந்திருக்கிறார்கள்!

முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு திரிந்தவர்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. டீ குடிக்கிற ஊரில் அது நடக்கத்தான் செய்யும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2020 ஏப்ரல் 25. சென்னை, கோவை, மதுரையில் 26ஆம் தேதி முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி அறிவிப்பு வந்தது. கூட்டம் கூடாமல் இருப்பதற்கான உத்தரவு அது. மறுநாளே காய்கறிக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் தோளோடு தோள் உரசிக் கூட்டம். தொலைக்காட்சியில் "பொறுப்பற்ற மக்கள்" என்றார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் நான்கு நாள் சமையலுக்கு முந்தைய நாள்தானே வாங்க முடியும்? உத்தரவை மீறக் கூடாது என்றுதான் அத்தனை பேரும் அன்று கடைக்கு வந்தார்கள்.

2021 மே மாதம் இரண்டாம் அலை. அதற்குள் எங்கள் பகுதியில் தகரத்தைக் கைவிட்டிருந்தோம். லேசான நோய் என்றால் வீட்டிலேயே தனியாக இருக்கலாம். அரிசியும் பாலும் தன்னார்வலர் கொண்டுபோய்க் கொடுப்பார். ரேஷன் அட்டைக்கு நாலாயிரம் ரூபாய் அறிவித்து, முதல் தவணையாக இரண்டாயிரம் கொடுத்தார்கள். ஒருவர் வேலைக்குப் போகாமல் சில நாளாவது வீட்டில் இருக்க அது போதும்.

ஒருநாள் காலையில் எனக்கு ஒரு போன் வந்தது. அந்தப் பூக்கார அம்மாதான். என் எண்ணை எங்கே பிடித்தாரோ!

"சார், இந்தத் தடவையும் தகரம் அடிப்பீர்களா?"

"இல்லை அம்மா. அதையெல்லாம் நிறுத்திவிட்டோம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "அப்படியென்றால் சொல்கிறேன். எனக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். பக்கத்து வீட்டில் இரண்டு பேருக்கும் இருக்கிறது. அவர்களிடமும் தகரம் இல்லை என்று சொல்லட்டுமா?"