துப்பாக்கிச் சங்கமும் அதன் கணக்குப் புத்தகமும்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் துப்பாக்கி உரிமை என்று பேச்செடுத்தாலே முதலில் வருவது தேசிய ரைஃபிள் சங்கம், அதாவது என்.ஆர்.ஏ. 1871-இல் நியூயார்க்கில் தொடங்கியபோது அதற்கு அரசியல் எதுவும் கிடையாது. உள்நாட்டுப் போரில் வடக்குப் படையினருக்குக் குறிபார்த்துச் சுடவே தெரியவில்லையே என்ற ஆதங்கம்தான். 1934-இல் துப்பாக்கிச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, எல்லோரும் ஆயுதத்தோடு நடமாடுவதில் தமக்கு உடன்பாடில்லை, உரிமம் பெற்றவர்களே எடுத்துச் செல்ல வேண்டும் என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னவர் யார் தெரியுமா? அதே சங்கத்தின் அன்றைய தலைவர். இன்று இப்படிப் பேசினால் சங்கத்துக்குள் அவரை விடுவார்களா என்பது சந்தேகமே.

திருப்பம் 1977-இல். தலைமை அலுவலகத்தை வாஷிங்டனிலிருந்து கொலராடோவுக்கு மாற்றி, வேட்டை, விளையாட்டு என்று ஒதுங்கிவிட நிர்வாகிகள் நினைத்தார்கள். சின்சினாட்டி மாநாட்டில் உறுப்பினர்கள் விடிய விடிய உட்கார்ந்து அந்த நிர்வாகத்தையே தூக்கியெறிந்தார்கள். அன்று முதல் அது முழுநேர அரசியல் அமைப்பு.

அதன் பிறகு வெளியிலிருந்து எத்தனையோ கண்டனங்கள். 1995-இல் கூட்டாட்சி அதிகாரிகளைக் குண்டர்கள் என்று ஏசி நன்கொடைக் கடிதம் அனுப்பியது சங்கம். ஆயுள் உறுப்பினரான முன்னாள் அதிபர் புஷ், சீனியர் புஷ்ஷைத்தான் சொல்கிறேன், வெறுத்துப்போய் விலகினார். 2012-இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 ஊழியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குச் சங்கம் சொன்ன பதில், பள்ளிகளில் ஆயுதக் காவலரை நிறுத்துங்கள் என்பது. நாடே கொதித்தது. ஆனால் நடந்ததென்ன? துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைக் கூடுதலாகச் சோதிக்கும் மசோதாவுக்கு 2013-இல் செனட்டில் கிடைத்தவை 54 வாக்குகள், தேவைப்பட்டவை 60. ‘துப்பாக்கியைப் பறிக்க வருகிறார்கள்’ என்ற பயத்தில் சந்தா குவியும்போது, வெளியார் திட்டுவது சங்கத்துக்கு உரம்தான். பணத்தைவிட, செனட்டருக்கு உடனே போன் போட்டு, தேர்தலன்று தவறாமல் வாக்களிக்கும் உறுப்பினர்களே அதன் பலம் என்பேன். இன்னொரு பக்கம், ‘கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ போன்ற அமைப்புகள் என்.ஆர்.ஏ. ரொம்பவே விட்டுக்கொடுக்கிறது என்று குறைகூறுகின்றன!

சங்கத்தை உண்மையில் ஆட்டியது கணக்குப் புத்தகம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை நடத்திய தலைமை நிர்வாகி வெய்ன் லாபியர், தனி விமானம், பஹாமாஸ் பயணம், விலையுயர்ந்த சூட்டுகள் என்று உறுப்பினர் பணத்தில் செலவழித்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2019-இல் செலவுகளைக் கேள்வி கேட்ட தலைவர் ஆலிவர் நார்த்துக்குப் பதவி போயிற்று. மறு ஆண்டு நியூயார்க் அரசுத் தலைமை வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். திவால் மனு போட்டுத் தப்பப் பார்த்தார்கள். டெக்சாஸ் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2024 பிப்ரவரியில், லாபியரால் சங்கத்துக்கு நேர்ந்த இழப்பு 54 லட்சம் டாலர் என்றது ஜூரி. அவர் அங்கே பத்து ஆண்டுகளுக்குச் சம்பளப் பதவி எதையும் வகிக்கக் கூடாதென்று ஜூலையில் நீதிபதி தீர்ப்பளித்தார்.

நன்றி, வணக்கம்.