பெம்பிளை ஒருமை: மூணாறில் ஒன்பது நாள்

[காட்சி: தேயிலைச் சரிவு, காலைப் பனி. இசை வேண்டாம். கத்தரிச் சத்தம் மட்டும்.]

மார்ச் 8 வந்தால் ஒரு படம் எல்லார் வாட்ஸ்அப்பிலும் சுற்றும். பச்சை மலை, முதுகில் கூடை, சிரித்த முகம், கீழே மகளிர் தின வாழ்த்து. மூணாறு தோட்டங்களில் கூடை போய், பெட்டி வைத்த கத்தரி வந்து வருஷக்கணக்கு ஆகிறது. இடுப்பில் படங்கு, அதாவது தார்ப்பாய் மாதிரி முரட்டு விரிப்பு கட்டி, அட்டைக் கடிக்குப் புகையிலைத்தூளோ உப்போ தடவிக்கொண்டு நிற்பவரை யார் வாழ்த்து அட்டையில் போடுவார்கள்? சரி, அது இருக்கட்டும். அந்தப் படத்தில் சிரிக்கிறவர்கள் 2015 செப்டம்பரில் என்ன செய்தார்கள் என்பதுதான் இன்றைய வீடியோ.

[காட்சி: வரைபடம். போடி, போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு.]

போடியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் போடிமெட்டு. அங்கே தமிழ்நாடு, கேரள எல்லை. பூப்பாறை தாண்டினால் மூணாறு. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சார் அரச குடும்பத்திடம் இந்தக் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். பிற்பாடு தேயிலை வந்தது. வேலைக்கு ஆள் வேண்டுமே? கங்காணிகள் திருநெல்வேலி, மதுரைப் பக்கம் போய், முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாகக் கூட்டி வந்தார்கள். அதில் பெரும்பாலோர் தலித் மக்கள். 1956-ல் மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன. அதனால் லயத்து வீட்டுக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குள், தமிழ், ஆபீஸ் தாளில் மலையாளம்.

அடுத்து, தோட்டத்தில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். கொழுந்து எடுப்பது பெண்கள். மேற்பார்வை பார்ப்பவர், எடை போடுபவர், கணக்கு எழுதுபவர் பெரும்பாலும் ஆண்கள். கூலி பேசப் போகும் தொழிற்சங்கத் தலைவரும் ஆண்தான். சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்தாயிற்று. ஆனால் ஒரு வேலையை ஏறக்குறைய முழுக்கப் பெண்களே செய்கிறார்கள் என்றால், அந்தக் கூலியை யாருடைய கூலியோடு ஒப்பிடுவது? சட்டம் தன் பாட்டுக்கு இருக்கும், கூலியும் தன் பாட்டுக்குக் கிடக்கும்.

[காட்சி: கரும்பலகை. 8.33 என்று எழுதும் கை.]

சண்டை தொடங்கியது போனஸில். அன்றைக்கு இருந்த 1965 போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம் கொடுக்க வேண்டியிருந்தது, அதிகபட்சம் 20. அது என்ன 8.33? நூறைப் பன்னிரண்டால் வகுங்கள், வந்துவிடும். அதாவது வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம். மூணாறில் 2014-ல் 19 சதவீதம் கொடுத்திருந்தார்கள். 2015-ல் அது 10 ஆனது. தேயிலை விலை சரி இல்லை என்றது கம்பெனி. இத்தனைக்கும் 2005-ல் டாடா டீ தோட்டங்களை விட்டு விலகியபோது உருவான இந்தக் கண்ணன் தேவன் கம்பெனியில் தொழிலாளர்களும் பங்குதாரர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பங்குதாரருக்கு அன்றைக்குத் தினக்கூலி 232 ரூபாய்.

செப்டம்பர் முதல் வாரத்தில் பெண்கள் மலையிறங்கினார்கள். ஆயிரக்கணக்கில் வந்து மூணாறு டவுனில் ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். மலையாளத்தில் அதற்குச் சமரம் என்று பேர், நம் ஆட்களுக்கு ஸ்டிரைக். கேட்டது இரண்டு: 20 சதவீத போனஸ், 500 ரூபாய் தினக்கூலி.

இதுவரை எந்தப் போராட்டத்திலும் பார்க்கக்கூடியதுதான். இனிமேல்தான் விஷயம். அவர்கள் கோபம் கம்பெனியோடு நிற்கவில்லை, சங்கங்கள் மீதும் பாய்ந்தது. சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி. என்று மூன்று பெரிய சங்கங்கள். மாசாமாசம் சந்தா வாங்கியவர்கள், எங்களைக் கேட்காமல் மேனேஜ்மென்டோடு பேசி முடித்துவிட்டார்கள் என்பது பெண்களின் குற்றச்சாட்டு. சங்கக் கொடிக்கம்பங்கள் சாய்ந்தன. சமாதானம் பேச வந்த தலைவர்களைக் கிட்டே விடவில்லை. உள்ளூர் எம்.எல்.ஏ.வையே திருப்பி அனுப்பினார்கள். நாங்கள் மூட்டை சுமக்கிறோம், நீங்கள் பணப்பை சுமக்கிறீர்கள் என்ற அர்த்தத்தில் தமிழில் முழக்கம். கேரளத்தின் டி.வி. சேனல்கள் எல்லாம் தமிழைப் பிடித்துப் புரிந்துகொள்ள வேண்டியதாயிற்று! கூட உட்கார அனுமதி கிடைத்தவர்களில் ஒருவர் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன். அன்றைக்கு அவருக்கு வயது 91.

அந்தக் கூட்டம் தனக்கு வைத்துக்கொண்ட பேர்தான் பெம்பிளை ஒருமை. பொம்பளைங்க ஒற்றுமை என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழும் மலையாளமும் கலந்த மூணாறு பேச்சு. பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது ஒருமை, பன்மை. ஒருத்தி ஒருமை, பலர் பன்மை. இங்கே ஆறாயிரம் பேர் சேர்ந்து ஒருமை. தமிழ் வாத்தியார் சிவப்பு மை எடுத்திருப்பார்.

[காட்சி: இரவு, மூணாறு கடைவீதி.]

செப்டம்பர் 13 இரவு, முதல்வர் உம்மன் சாண்டி முன்னிலையில் பேச்சு முடிந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் கொழுந்து எடுக்கும் பெண்களே உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கேட்டால், அந்த ஒன்பது நாளில் வாங்கியதிலேயே பெரியது அந்த நாற்காலிதான். போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67. கூட்டினால் 20. கேட்டது கிடைத்தது.

கூலி மட்டும் தள்ளிப்போனது. அதற்கு மறுபடி ஸ்டிரைக் நடந்து, அக்டோபர் நடுவில் 301 ரூபாய்க்கு முடிந்தது. 69 ரூபாய் உயர்வு. கேட்ட 500-க்கு எவ்வளவோ கீழே. கூடவே ஒரு நாளில் எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவும் 21 கிலோவிலிருந்து 25 ஆக ஏறியது. போனைக் கையில் எடுத்து வகுத்துப் பாருங்கள். 232-ஐ 21-ஆல் வகுத்தால் கிலோவுக்குப் பதினோரு ரூபாய்ச் சொச்சம். 301-ஐ 25-ஆல் வகுத்தால் பன்னிரண்டு ரூபாய்ச் சொச்சம். இரண்டு ஸ்டிரைக்குக்குப் பிறகு கிலோவுக்கு ஏறினது ஒரு ரூபாய். மகளிர் தின மேடையில் இந்தப் போராட்டத்தைப் புகழ்கிறவர்கள் இந்த வகுத்தலைச் செய்து நான் பார்த்ததில்லை.

அதே வருஷம் நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல். கேரளத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. பெம்பிளை ஒருமையும் நின்றது. முன்னணியில் இருந்த கோமதி தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்கு ஜெயித்துப் போனார். அப்புறம் பிளவு வந்தது. கோமதி ஒரு பக்கம், லிஸி சன்னி ஒரு பக்கம். ஆண்கள் நடத்தும் கட்சிகள் நாளுக்கொன்றாக உடையும்போது யாரும் ஆண்களால் முடியாது என்று சொல்வதில்லை. இவர்கள் பிரிந்தபோது மட்டும் அந்தப் பேச்சு கிளம்பியது. 2017 ஏப்ரலில் ஒரு மந்திரி 2015 போராட்டத்தைப் பற்றிக் கேவலமாகப் பேச, கோமதியும் கூட இருந்தவர்களும் அதே டவுனில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். கேட்டது, அவர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று.

[காட்சி: லயத்து வரிசை. ஒரே கூரை, பல கதவு.]

கமென்டில் அடிக்கடி வரும் கேள்வி: இவ்வளவு கஷ்டம் என்றால் ஏன் வேறு வேலைக்குப் போகவில்லை? இந்தக் கதவுகளைப் பாருங்கள். வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்து ரிட்டயர் ஆனால், வீட்டில் வேறு யாரும் தோட்டத்து வேலையில் இல்லை என்றால், சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். முப்பது, நாற்பது வருஷம் இருந்த வீடு. அதனாலேயே மகளோ மருமகளோ மறுபடி படங்கு கட்டுகிறாள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு 70 பேரைக் கொண்டுபோனதும், சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேண்டும் என்ற கேட்பு இன்னும் உரக்க வந்தது. அது பெரிய கதை, பட்டா, குத்தகை, கோர்ட் எல்லாம் வரும். அடுத்த வீடியோவில் பெட்டிமுடியிலிருந்து தொடங்குவோம்.

[காட்சி: கத்தரிச் சத்தம். திரை இருள்கிறது.]