ரயிலிலும் வேனிலும் கூடி விளையாட: கையில் எதுவும் இல்லாமல் சில விளையாட்டுகள்

அனைவருக்கும் வணக்கம். விடுமுறைக் காலம் நெருங்குவதால், குடும்பத்தோடு நீண்ட பயணம் போகிறவர்கள் வழியில் கூடி விளையாடக்கூடிய சில எளிய விளையாட்டுகளைப் பற்றி இந்தக் காணொளியில் பேசுகிறேன். பலகை, காய், பேட்டரி என எதுவும் தேவைப்படாத விளையாட்டுகளைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பயண விளையாட்டு என்றால், தேநீர்க்காரர் வரும்போதும் பயணச்சீட்டுப் பரிசோதகர் வரும்போதும் அப்படியே நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. சீட்டுக்கட்டைப் பரப்பினால் ஒருவர் எழுந்து போவதற்கு மற்ற அனைவரும் காலை மடக்க வேண்டியிருக்கிறது; ராஜா ராணி விளையாட்டுக்குத் துண்டுச் சீட்டு எழுதினால், திறந்த ஜன்னல் பக்கம் வைத்த மறுநொடியே திருடனும் போலீஸும் சேர்ந்து பறந்துவிடுகிறார்கள்.

முதலில் ரயிலை எடுத்துக்கொள்வோம். படுக்கை வசதிப் பெட்டியில் ஒரு தடுப்புக்குள் எதிரெதிராக ஆறு பேர், நடைபாதைக்கு அப்பால் பக்கவாட்டு இருக்கையில் இரண்டு பேர், ஆக எட்டுப் பேர் உட்காருகிறார்கள். வாய்மொழி விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான எண்ணிக்கை இல்லை. இந்த எட்டுப் பேருக்கு நான் முதலில் சொல்வது ஊர்ப்பெயர்த் தொடரை. ஒருவர் தமிழ்நாட்டில் உள்ள ஓர் ஊரின் பெயரைச் சொல்ல, அது முடியும் எழுத்தில் தொடங்கும் இன்னோர் ஊரை அடுத்தவர் சொல்ல வேண்டும். ஒரு பாடலின் முடிவை அடுத்த பாடலின் தொடக்கமாக வைத்து அந்தாதி பாடிய மொழியில் இது புதுமையான யோசனை இல்லைதான். ஆனால் விளையாடத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் வந்து நிற்கும்.

ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு எழுத்துகளின் வரிசைகளும் சொல்லுக்கு முதலில் வாரா என்கிறது நம் இலக்கணம். நம் ஊர்ப்பெயர்களோ பெரும்பாலும் இவற்றில்தான் முடிகின்றன. திருப்பூர், கரூர், அரியலூர், வேலூர் எல்லாம் ர் என்று முடிகின்றன. தூத்துக்குடி, காரைக்குடி, கோவில்பட்டி, உசிலம்பட்டி எல்லாம் டி என்று முடிகின்றன. ஆகவே தொடங்குவதற்கு முன்பே விதியைப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். ரகரத்தையும் லகரத்தையும் அப்படியே அனுமதித்துவிடலாம் என்பேன், ஏனென்றால் ராமேஸ்வரம், ராமநாதபுரம், ராஜபாளையம், ராசிபுரம், ராணிப்பேட்டை என்று ஊர்கள் இருக்கின்றன. றகரத்தில் முடிந்தாலும் இதே வரிசையில் தொடரலாம். (கூட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தால், அது இராமேஸ்வரம், இகரத்தில்தான் சேரும் என்று வழக்காடுவார், அவரை நடுவராக்கிவிடுவது நல்லது.) டகரம் போன்ற மற்ற எழுத்துகளில் முடிந்தால், சொல்லுக்கு முதலில் வரக்கூடிய எழுத்து கிடைக்கும்வரை பின்னோக்கி நகர வேண்டும். மன்னார்குடி என்றால் கு, அதற்குக் கும்பகோணமோ குளித்தலையோ சொல்லலாம்; கோவில்பட்டி என்றால் ப, அதற்குப் பழனியோ பரமக்குடியோ சொல்லலாம்.

விதி முடிவானதும் விளையாட்டு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். மதுரை என்று ஒருவர் தொடங்கினால், ராமேஸ்வரம், மணப்பாறை, ராசிபுரம், மேட்டூர், ராஜபாளையம், மயிலாடுதுறை என்று ரகரமும் மகரமும் மாறி மாறி வரும். மகரத்துக்குப் பஞ்சமில்லை, மானாமதுரை, மண்டபம், மார்த்தாண்டம், மேலூர், முதுகுளத்தூர் என்று அது நெடுநேரம் தாங்கும். ரகரம் சீக்கிரம் தீர்ந்துவிடும். இதைப் புரிந்துகொண்டவர், அடுத்தவரிடம் வேண்டுமென்றே ஊர் என்று முடியும் பெயராகத் தள்ளிக்கொண்டே இருப்பார். இன்னும் கூர்மையானவர் திண்டுக்கல் என்பார். லகரத்தில் தொடங்கும் ஊருக்கு எங்கே போவது? ரயில் பாதையைக் கவனிப்பவர்களுக்கு விடை தெரியும்: திருச்சிக்கு முன்னால் வரும் லால்குடி, கரூர்ப் பாதையில் வரும் லாலாப்பேட்டை. இந்த இரண்டும் செலவான பிறகு ஒருவர் நாமக்கல் என்று சொன்னால் அடுத்தவர் கதை முடிந்தது. டகரத்தையும் அனுமதிக்கலாமே என்று கேட்கும் துணிச்சல்காரர்களுக்கு மதுரை மாவட்டத்தில் டி.கல்லுப்பட்டி இருக்கிறது, டி என்று தொடங்கி டி என்றே முடிவதால் அது அடுத்தவரை அதே குழியில் தள்ளும்.

இந்த விளையாட்டை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், இதில் வயது ஒரு பொருட்டாக இல்லை என்பதுதான். பேருந்து நடத்துநராக வேலை பார்த்த பெரியப்பாவுக்கு ஊர்கள் தெரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வரைபடம் நினைவில் இருக்கும். எதுவும் தெரியாதவர் ஜன்னல் வழியே நிலையப் பெயர்ப் பலகையைப் பார்த்துச் சொல்லலாம், அதற்குத் தடையில்லை. சென்னையிலிருந்து போகும்போது கொள்ளிடப் பாலம், ஸ்ரீரங்கம், காவிரிப் பாலம் என்று அடுத்தடுத்து வரும் இடத்தில் எல்லோரும் வெளியே பார்க்கத் திரும்பிவிடுவார்கள்; அதன் பிறகும் கடைசியாகச் சொன்ன ஊர் யாருக்காவது நினைவிருக்கும்.

ஊர்கள் தீர்ந்தால் எண்ணுக்கு மாறலாம். ஒன்றிலிருந்து வரிசையாக ஆளுக்கோர் எண் சொல்ல வேண்டும்; ஏழால் வகுபடும் எண்ணும் ஏழு என்ற இலக்கம் உள்ள எண்ணும் வரும்போது எண்ணைச் சொல்லாமல் கை தட்ட வேண்டும். நூறு வரை போனால் முப்பது இடங்களில் தட்ட வேண்டியிருக்கும். அறுபத்தொன்பது வரை வந்துவிட்டவர்களும் பெரும்பாலும் அதற்கடுத்துத்தான் விழுகிறார்கள், ஏனென்றால் 70 முதல் 79 வரை தொடர்ந்து பத்துத் தட்டல்கள். எட்டுப் பேர் இருக்கும்போது ஒரு சுற்று முழுவதும் முடிந்து அடுத்த சுற்றும் தொடங்கிவிடும். எண்பது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது.

வேனிலோ காரிலோ போகிறவர்களுக்குச் சாலையே விளையாட்டைத் தருகிறது. எதிரே வரும் வண்டியின் பதிவெண்ணைப் பார்த்து அது எந்த ஊரில் பதிவானது என்று முதலில் சொல்பவருக்கு ஒரு புள்ளி. டிஎன் 38 கோயம்புத்தூர் வடக்கு, 43 நீலகிரி, 45 திருச்சி, 49 தஞ்சாவூர், 59 மதுரை வடக்கு, 69 தூத்துக்குடி, 72 திருநெல்வேலி, 74 நாகர்கோவில். விழுப்புரம் பக்கம் போனால் புதுச்சேரியின் பிஒய் 01 அடிக்கடி தென்படும். அதற்குப் புள்ளி கொடுக்காதீர்கள், மிக எளிது. தெலங்கானா வண்டிகளில் டிஎஸ் என்று இருந்தால் பழையது, 2024-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு பதிவானவற்றில் டிஜி என்று இருக்கும். இதைக் கண்டுபிடிப்பவருக்கு இரண்டு புள்ளி தரலாம். அரசுப் பேருந்துகளில் மாவட்ட எண்ணுக்குப் பின் என் என்ற ஆங்கில எழுத்து வரும் என்று சொல்லிக்கொடுத்தால், பிள்ளைகள் அதைத் தேடிக்கொண்டே விழுந்து விழுந்து பார்ப்பார்கள். ஓட்டுநரை மட்டும் ஆட்டத்தில் சேர்க்க வேண்டாம். அவர் நன்றாக விளையாடினால்தான் இன்னும் ஆபத்து.

மலைப்பாதையில் ஒரு எச்சரிக்கை தேவை. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. உள்காது உடல் திரும்புவதை உணர்கிறது, தாளையோ கைப்பேசியையோ பார்க்கும் கண் எதுவும் அசையவில்லை என்கிறது; இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. ஆகவே அங்கே எழுதும் விளையாட்டும் கைப்பேசி விளையாட்டும் வேண்டாம். ஒருவர் ஓர் ஆளையோ ஊரையோ பொருளையோ மனத்தில் நினைத்துக்கொள்ள, மற்றவர்கள் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் வரும் இருபது கேள்விகளில் கண்டுபிடிக்கும் விளையாட்டு பொருத்தமானது. சிறுவர்கள் எடுத்தவுடன் "அது தஞ்சாவூரா?" என்று கேட்டு ஒரு கேள்வியை வீணாக்குவார்கள்; "காவிரிக்குத் தெற்கே இருக்கிறதா?" என்று கேட்டால் பாதி ஊர்கள் ஒரே அடியில் கழிந்துவிடும். ஒவ்வொரு கேள்வியும் சரிபாதியாகப் பிரித்தால், இருபது கேள்விகளால் 10,48,576 பொருள்களிலிருந்து ஒன்றைத் தனித்துக் காட்டிவிட முடியும்.

பாட்டுக்குப் பாட்டைச் சொல்லாமல் விட்டால் கருத்துப் பகுதியில் நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரியும். தனி வேனில் தாராளமாகப் பாடுங்கள், ஆனால் பெரியவர்கள் ஓர் அணி, இளையவர்கள் ஓர் அணி என்று பிரிக்காதீர்கள். ஓர் அணியின் பாட்டை மற்ற அணி கேட்டதே இல்லை என்ற சண்டையில்தான் அது முடியும். ஒவ்வோர் அணியிலும் ஒரு பாட்டியும் ஒரு கல்லூரி மாணவரும் இருக்கட்டும். ரயிலில் பாடுவதாக இருந்தால் பக்கத்துத் தடுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பாதி நேரம் அவர்களும் சேர்ந்துகொள்வார்கள். இரவு 10 மணிக்கு நடுப்படுக்கையைத் தூக்கி மாட்டும் நேரம் வந்துவிடும், காலை 6 மணி வரை அது உறங்குபவர்களின் நேரம். அதற்குள் யார் எத்தனை புள்ளி என்று எழுதி வைத்துக்கொண்டால், விடிந்ததும் ஊர் வரும்வரை மிச்சத்தை விளையாடலாம்.